மட்டம்

ஜன்னல் திரை இறக்கிய அறையில், யாரோ ஒருவரின் முழங்காலுக்குள் போகவிருக்கும் உலோகத் தகடு நுண்ணோக்கிக்கு அடியில் நீல ஒளிப்பொட்டோடு கிடக்கிறது. ஒரு கீறல் மிஞ்சினாலும் அது உள்ளே உராயும். அதைத் தேய்த்து மெருகேற்றிய அக்கா, கீழே பட்டறையிலிருந்து மெருகுப் பசை வாசனையோடு ஏறிவந்து, தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். நுண்ணோக்கி அடுக்கடுக்காக எடுத்த படங்களைக் கணினி ஒன்றாகக் கோக்கிறது. திரையில் சிவப்புச் சிகரங்களும் நீலப் பள்ளங்களும் எழுகின்றன. அக்காவின் முகம் தொங்கிப்போகிறது. “மலையும் மடுவுமா இருக்கே. என் வேலை அவ்வளவு மட்டமா?” தங்கை சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். “இது ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குற மென்பொருள், அக்கா. உயரத்தை மட்டும் ஆயிரம் மடங்கு இழுத்துக் காட்டுது. இரு, உள்ளது உள்ளபடி காட்டச் சொல்றேன்.” சுட்டியை அவள் மெல்ல நகர்த்த நகர்த்த, சிகரங்கள் எல்லாம் ஒன்றுபோல அமுங்குகின்றன; காற்றில்லாத நாளின் குளம்போல் திரையில் ஒரே பரப்பு விரிகிறது. ஓரத்தில் சொரசொரப்பின் அளவு, அனுமதித்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. நம்பாமல் குனிந்த அக்கா, தகட்டைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தில் திரையையே விரலால் தடவுகிறாள். ஓரிடத்தில் விரல் தட்டி நிற்கிறது. ஒரு தூசி. “இப்ப எப்படி இருக்கு?” என்கிறாள் தங்கை. அக்கா நிமிர்ந்து, தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்து விடுகிறாள். “சுத்த மட்டம். மேடு இருந்தது உன் திரையிலதான்.”