மரத்தரைக்கு ஒரு வாக்குவம் கிளீனர்

நர்ஸம்மாவுக்கு ஒவ்வொரு மிஷினாக எடுத்துக் காட்டியதில் கடைக்காரருக்கு நாக்கு வறண்டுவிட்டது.

“மரத்தரைக்கு இந்த வாக்குவம் கிளீனர்தாம்மா சரி. பிரஷ் பஞ்சு மாதிரி இருக்கும். கீறலே விழாது.”

“சக்கரம்?”

“ரப்பர்தாம்மா.”

“எங்க, ஓட்டிக் காட்டுங்க.”

ஓட்டினார். அவள் குனிந்து, காதைத் தரையோடு வைத்துக் கேட்டாள்.

“இன்னும் சத்தம் கம்மியா இல்லையா?”

“இதைவிடச் சத்தம் கம்மின்னா துடைப்பம்தாம்மா!”

சிரித்துவிட்டாள். “சரி, இதையே பரிசுத் தாள்ல சுத்திக் கொடுங்க.”

“பரிசா? உங்க வீட்டுக்கு இல்லையா?”

“எங்க வீட்டுல சிமெண்ட் தரைதான். மரத்தரை இருக்கறது மாடி வீட்டு அக்கா வீட்டுல, இது அவங்களுக்கு. அவங்க பழைய மிஷின் தினமும் என் தலைமேல ரயில் ஓட்டுது. நைட் டியூட்டி முடிஞ்சு வந்தா கண்ணை மூட முடியல. சண்டை போட்டா அப்புறம் முகத்துல முழிக்க வேணாமா?”

அன்று மாலை பரிசைப் பிரித்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸம்மாவுக்கும் மனசு குளிர்ந்தது.

மறுநாள் காலை டியூட்டி முடிந்து வந்து, நிம்மதியாகப் படுத்தாள். கடகடவென்று கூரை அதிர்ந்தது. பதறியடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

“அக்கா, புது மிஷின் என்னாச்சு?”

“துணியில சுத்திப் பீரோ மேல பத்திரமா வெச்சிருக்கேன் கண்ணு. நீ ஆசையா கொடுத்ததை அழுக்குல இழுக்க மனசு வருமா? பழசு கெட்டுப் போனதும் எடுத்துக்கலாம்.”

சொல்லிவிட்டு, பழைய மிஷினைச் செல்லமாகத் தட்டினாள் அக்கா.

“ஆனா இது லேசுல கெடாது. நம்ம ரெண்டு பேர் காலத்துக்கும் ஓடும்!”