சைவச் சிறுத்தை

"பெரியவரே, அசையாதீங்க! அங்கேயே நில்லுங்க!"

வனத்துறை ரேஞ்சர் போட்ட சத்தத்தில் ஆட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். ஆட்டுப் பட்டியின் வாசலில், ஈரச் சேற்றில் பதிந்திருந்த சிறுத்தைத் தடத்தை மிதிக்க இருந்தார். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார்.

ரேஞ்சர் குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், கடைசியில் சேற்றிலேயே மண்டியிட்டுவிட்டார். இந்தத் தடவை மனிதர் லேசில் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.

"ஆடு ஏதாவது போச்சா?"

"இல்லைங்கய்யா."

"ஆறேழு மாசமா உங்க பட்டியையே சுத்திச் சுத்தி வருது. ஒரு ஆட்டைக்கூடத் தொடலை. சைவச் சிறுத்தை போலிருக்கு!"

கூட வந்த ஜீப் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்டுக்காரரும் வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். பட்டிக் கதவைப் பிடித்தபடி நின்ற அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"இதுவரைக்கும் ஒத்தைத் தடம்தான் காட்டுவீங்க. இன்னிக்கு நாலு காலும் அழகா விழுந்திருக்கு. அட, பக்கத்துல பாருங்க, குட்டியோட தடம்! தாயும் பிள்ளையுமா வந்திருக்கு."

ஆட்டுக்காரர் மனைவியை முறைத்தார். அவளோ அவரை இன்றுதான் புதிதாகப் பார்ப்பவள் போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேஞ்சர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "குட்டி இருந்தா பசி ஜாஸ்தி. இனிமே பட்டியில கை வைக்காம விடாது. நாளைக்கே கூண்டு வெச்சு ரெண்டையும் பிடிச்சு, தூரமாக் கொண்டுபோய் விட்டுடறேன். ஆனா ஒண்ணு. சிறுத்தை இருக்குன்னு சொல்லித்தான் இந்த மலையைக் கல்குவாரிக்காரங்க கிட்ட கொடுக்காம இழுத்துப் பிடிச்சிருக்கேன். அது போயிட்டா என்னால தடுக்க முடியாது. நீங்களே சொல்லுங்க."

ஆட்டுக்காரர் மலையைப் பார்த்தார். மேய்ச்சல் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். அதை வெடி வைத்துப் பெயர்த்துவிட்டால் ஆடும் மிஞ்சாது, அடுப்பும் எரியாது. சிறுத்தை இருந்தால் ஆடு போகும், சிறுத்தை போனால் மலை போகும். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, பாவம், அந்த எறும்பே தேவலை.

"கூண்டெல்லாம் வேணாங்கய்யா. பிள்ளையோட வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இப்ப வேணாம்னுட்டு அப்புறம் கூண்டு கேட்டா, மேலிடத்துல அனுமதி கிடைக்க மாசக்கணக்காகும். நீங்களா அதை அடிக்கவும் கூடாது, விஷம் வைக்கவும் கூடாது. உள்ளே தள்ளிடுவாங்க."

"தெரியுங்கய்யா. அதுவும் ஒரு உயிர்தானே."

ரேஞ்சர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி ஊருக்கு நாலு பேர் இருந்தா போதும்" என்றார், கண் கலங்காத குறையாக. ஜீப் புறப்பட்டது.

சத்தம் தேய்ந்து மறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற ஆட்டுக்காரர், மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, வழக்கம்போல கைமுட்டியால ஒரு அழுத்து அழுத்தி, நாலு விரலைப் பதிச்சுட்டு வர வேண்டியதுதானே? குட்டித் தடமெல்லாம் எவடி போடச் சொன்னா? உன் ஆர்வக்கோளாறால நாளைக்கே கூண்டு வந்திருக்கும். கூண்டு காலியாவே கிடந்தா நம்ம குட்டு உடைஞ்சிருக்காதா?"

அவள் முகம் வெளுத்தது. பட்டிக் கதவை அவசரமாக இழுத்துச் சாத்தினாள்.

"ஐயையோ, அதைப் போட்டது நீங்க இல்லையா?"