காலி மனையில் விதைத்தவர்

"பாரு, ரோட்டுல நின்னு நம்ம ஜன்னலோரம் எதையோ எறிஞ்சுட்டுப் போறாங்க. அவங்க வீட்டுப் பக்கம் எறியறாங்களா பாரு!"

ஜாஸ்மினுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எறிந்தவர் காலி மனைக்கு அந்தப் பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான்.

"இன்னான்னு கேட்டுட்டு வாயேன்" என்றான் கணவன் ஜோசுவா.

"அவங்களோட எனக்கு இன்னா பேச்சு?"

நடுவிலிருந்த அந்த மனை முழுக்கப் பார்த்தீனியக் களை. அது பூத்தால் மகள் கிறிஸ்டினாவுக்கு மூச்சு இழுக்கும். போன வருஷம் ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. மனைக்காரர் போனை எடுப்பதே இல்லை. இனி அங்கே ஒரு செடி பூக்கக் கூடாது என்று ஜாஸ்மின் முடிவு கட்டிவிட்டாள். ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு பிடுங்குவாள். தெருவே வந்து கை கொடுத்தது. அஃப்ஸர் ஜஹான் மட்டும், "என்னால முடியாதும்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நாலு பேர் முன்னால் ஜாஸ்மின் நன்றாகக் கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

மழை விட்டதும் ஜன்னலோரம் புதிதாக ஒரு வகைச் செடி கூட்டமாக முளைத்து, முழங்கால் உயரம் வளர்ந்தது.

"நான் களை எடுக்கறேன், அவங்க களை விதைக்கறாங்க! எவ்ளோ வன்மம் பாரு!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அந்தப் புதுச் செடிகளை வேரோடு பிடுங்கிப் பிடுங்கிக் குவித்தாள்.

பாதியில் இடுப்பு நிமிர்த்தியவள் அப்படியே நின்றாள்.

புதுச் செடி இருந்த மண்ணில் பார்த்தீனியம் ஒன்றுகூட இல்லை. புதுச் செடி இல்லாத மற்றப் பக்கம், அவள் கையாலேயே சுத்தம் செய்த இடம், மறுபடி பார்த்தீனியக் காடாக மண்டிக் கிடந்தது.

"புடுங்கிட்டியா?" ரோட்டில் அஃப்ஸர் ஜஹான் நின்றிருந்தார்.

"இது இன்னா செடி ஆன்ட்டி?"

"தகரை. இதோட இலையிலருந்து, வேருலருந்து ஏதோ மருந்து மாதிரி மண்ணுல எறங்குமாம். பார்த்தீனியத்தைத் தலை தூக்க விடாதாம். அணைக்கட்டு ஊருல எங்க சொந்தக்காரர் வயல்ல பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க என்னைப் பேச விட்ட?"

ஜாஸ்மின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "விதை குடுங்க. இன்னிக்கே மொத்த மனையிலயும் தூவிடறேன். நீங்களும் எறங்குங்க ஆன்ட்டி, சேர்ந்து செய்வோம்."

"எறங்கினா ராத்திரி பூரா உக்காந்தேதான் இருக்கணும். எனக்கும் உன் பொண்ணு மாதிரி இழுப்பு இருக்குதும்மா."

ஜாஸ்மின் அவர் ஜன்னலைப் பார்த்தாள். அதன் கம்பிவரை பார்த்தீனியம் ஏறியிருந்தது.

"அப்புறம் ஏன் ஆன்ட்டி உங்க பக்கம் ஒரு விதைகூடப் போடல?"

"கெடைச்சது ஒரு மடி விதைதான். கொழந்தை பக்கம் மொதல்ல ஆகட்டும்னு பார்த்தேன்."