பைய

வாய் திறக்காத கைதிகளுக்கு இப்போதெல்லாம் இயந்திரமே வாக்குமூலம் எழுதிவிடுகிறது. கொலை வழக்கில் சிக்கிய காசிமேட்டுத் தேவசகாயத்துக்கும் அப்படித்தான் எழுதியது. 'பையக் கதவைத் திறந்தேன். பைய அவர் பின்னால் போய்க் கழுத்தை நெரித்தேன்.'

அதைப் படித்த அவன் மனைவி ரோஸ்லினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காசிமேட்டில் எவன் 'பைய' என்கிறான்?

நேராக நாவலாசிரியர் இசக்கியப்பன் வீட்டுக்கே போய்விட்டாள். நெல்லைக்காரர். அவருடைய பதினான்கு கொலை நாவல்களைப் படித்துத்தான் அந்த இயந்திரம் எழுதப் பழகியது. அவற்றை மனமுவந்து கொடுத்ததற்காகக் கிடைத்த விருது கூடத்தில் பளபளத்தது.

"இது உன் கதைல வர்ற கொலகாரன் பேச்சு சார்! எம் புருசன் செத்தாலும் 'பைய'ன்னு சொல்லமாட்டாரு. 'பொறுமையா'ன்னுதான் சொல்லுவாரு. கோர்ட்ல வந்து இதச் சொல்லு. நீ பேர் வாங்க என் குடும்பந்தான் கெடச்சுதா?"

இசக்கியப்பன் தாளை இரண்டு முறை வாசித்தார். அவர் முகம் சுருங்கியது.

"தப்புதாம்மா. பேச்சு வழக்குல நான் இப்படிச் சறுக்குனதே கெடையாது. நான் பாத்துக்கிடுதேன், நீங்க பையப் போங்க."

விசாரணை நாளில் அவர் வரவில்லை. திருத்திய வாக்குமூலம் மட்டும் வந்திருந்தது. அரசு வக்கீல் அதை உரக்க வாசித்தார்.

"பொறுமையா கதவத் தொறந்தேன். பொறுமையா அவரு பின்னாடி போனேன்."

கேட்பதற்கு அப்படியே தேவசகாயம் பேசுவதுபோலவே இருந்தது. ரோஸ்லின் பல்லைக் கடித்தாள். அந்த வார்த்தையை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள்.