எதிர்க்கடை பேனர்

எதிர்க்கடை வாசலில் ஏணி போட்டுப் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பர்கர் வாங்கினால் இன்னொன்று இலவசம்.

அக்காவும் தம்பியும் தங்கள் பர்கர் கடைக்குள்ளிருந்து அதைப் பார்த்தார்கள்.

"முடிஞ்சுதுக்கா நம்ம கதை" என்று தம்பி கரண்டியைக் கீழே வைத்தான்.

அவன் பயந்ததில் தப்பில்லை. கடை திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிரே இருப்பதோ ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கம்பெனி. அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று பேக்கரிக்காரர் இவர்களுக்குப் பன் தர மறுத்துவிட்டார். அக்கா தானே மாவு பிசைந்து பன் சுட்டாள். டெலிவரி ஆப்பில் இவர்கள் கடையைக் கண்டுபிடிக்க விரல் தேயத் தள்ள வேண்டும்.

இத்தனைக்கும் ஈடுகொடுத்து, நேற்றுத்தான் வாசலில் முதன்முதலாக வரிசை நின்றது. இனி யார் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்? கடை படுத்தால் தம்பி விற்ற டாக்சி திரும்பி வராது. அக்கா உதறிவிட்டு வந்த உத்தியோகமும் வராது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள்.

சண்டைக்குத்தான் போகிறாள் என்று தம்பி பின்னாலேயே ஓடினான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஏணியடியில் நின்று, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"இடது பக்கம் தொங்குது பாருங்க. இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க."

"சரிங்க மேடம்" என்று மேலிருந்த மானேஜர் இழுத்துக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பழக்கதோஷம். போன வருஷம் வரை அந்தக் கடைக்கு மானேஜராக இருந்து அவரை விரட்டி விரட்டி வேலை வாங்கியவள் அக்காதான்.

அக்கா தெருவின் நடுவே வந்து பேனரை ஆற அமரப் பார்த்தாள். முகமெல்லாம் பெருமை. கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிச் சிரித்துத் தம்பி பார்த்ததில்லை.

செல்போனை அவன் கையில் திணித்தாள். "என்னை ஒரு போட்டோ எடுடா. பின்னாடி பேனர் முழுசா விழணும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் எடுத்தான்.

அவள் அங்கே மானேஜராக இருந்த காலத்தில் இந்தத் தெருவில் எத்தனையோ புதுக்கடைகள் முளைத்தன. ஒவ்வொன்று திறந்தபோதும், சலுகை பேனர் கட்டலாமா என்று தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்பது அவள் வேலை.

ஒவ்வொரு முறையும் அவர்கள் சொன்னது ஒரே பதில்தான்: வேண்டாம், தானாகவே மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.