சின்னக் காருக்குப் பெரிய சக்கரம்

மட்கார்டில் டயர் உரசும் அந்தக் 'கர்ர்ர்' சத்தத்தை நான் கேட்டு வெகுகாலம் ஆகிறது. இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அது ஒரு சின்னக் காரின் சத்தம்.

எல்லாரும் பக்கத்து வீட்டு ஜீப்பையே திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அந்தக் காருக்கு மனக்குறை. அதன் சொந்தக்காரருக்கும் அதே குறை. ஆகவே ஜீப்புக்குப் போடும் அளவில் பளபளக்கும் அலாய் சக்கரங்கள் வந்தன. எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜையும் போட்டார்கள்.

"எப்படிடா இருக்கேன்?" என்றது கார்.

"மூடிக்குள்ள கிடக்கிறவனுக்கு என்னக்கா தெரியும்?" என்றது இன்ஜின். "ஆனா மினுக்குறது நீ, இழுக்குறது நான். நாளைக்கு மலைக்கோயில் ஏறணும்."

"உனக்குப் பொறாமை."

புதுச் சக்கரங்கள் முகம் சுளித்தன. "மலையா? கடையில யாரும் சொல்லலையே!"

முதல் வளைவிலேயே டயர் உரசியது. அடுத்த ஏற்றத்தில் இன்ஜின் திணறிப் புகைந்து நின்றது. குடும்பமே இறங்கித் தள்ளியது. எதிரே வந்த பேருந்தின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள்.

"பாருடா, எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க!" என்றது கார்.

இன்ஜின் கடைசியாக ஒருமுறை புகைந்து அடங்கியது.

அந்தக் கார் இப்போது ஒரு சக்கரக் கடை வாசலில், இன்ஜின் இல்லாமல், விளம்பரத்துக்கு நிற்கிறது.