நூற்று ஐம்பத்திரண்டு

பேனா துள்ளியது.

மூன்று மாதமாகத் தாளில் நேர்கோடு மட்டுமே போட்டுவந்த பேனா. இப்போது ஒரு குன்று வரைந்தது. அடுத்து இன்னொன்று.

வசந்தாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

விண்மீன்களுக்கு நடுவே, அந்தக் குளிரில், சின்னக் கரித் துணுக்குகள் சேர்ந்து எப்படிப் பெரிய மூலக்கூறுகள் ஆகின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. சேலத்துக் கல்லூரி ஒன்றின் பின்கட்டில், ஓர் இரும்புக் குடுவைக்குள் அந்த வெளியைச் செய்துவைத்திருந்தாள். குளிருக்குத் திரவ நைட்ரஜன், மாடுகளுக்குச் சினை ஊசி போடும் மையம் கொடுத்தது. கரி வாயு வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தது. உள்ளே உறைவதைச் சூடாக்கினால் கருவி எடைபோடும், பேனா வரையும்.

காற்றை உறிஞ்சும் பம்பைச் சரிசெய்தவர் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் மெக்கானிக் சென்னியப்பன். போன வாரம், ஆயுத பூஜைக்கு முதல் நாள், குடுவையை மூடி முடுக்கிக் கொடுத்தார். குடுவைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கட்டுமா என்று கேட்டார். தூசிகூடப் படக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பம்பின் சத்தம் கேட்டுப் பார்க்க இன்றும் வந்திருந்தார்.

துறைத் தலைவர் பரக்கத் அலி வேறு காரியமாக வந்திருந்தார். பெரிய மூலக்கூறு எதிரே வந்து நின்றாலும் இந்தக் கருவிக்குக் கண் தெரியாது, இன்றோடு பிரித்துவிடலாம் என்று சொல்ல. கையில் உத்தரவு இருந்தது. இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

வசந்தாமணி அடிக்கோலை வைத்து அளந்தாள். எடை நூற்று ஐம்பத்திரண்டு. பத்துக் கரி அணுக்களுக்கு இடமிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தொண்ணூற்றைந்தில் அதைவிட உயரமான குன்று.

அவள் சிரிப்பு நின்றது. இந்த ஜோடியை அவளுக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் முதன்முதலாக எடைபோட்ட பொருள்.

திரும்பினாள்.

"ஏனுங்கண்ணா, குடுவைக்குள்ள என்னத்த வெச்சீங்க?"

சென்னியப்பன் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

"வெளிய வெச்சா நீங்க தொடச்சுப்போடுவீங்க அம்மணி. அதான் உள்ளார, கடுகத்தன கற்பூரம்."

முதலில் சிரித்தவர் பரக்கத் அலி. கடுகளவைக் கண்டுபிடித்ததைக் குருடென்று எப்படி எழுதுவது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உத்தரவு மடிந்து சட்டைப்பைக்குள் போனது.

அன்று மாலை வரை மூவரும் குடுவையைக் கழுவினார்கள்.

மூடி முடுக்கியதும் வசந்தாமணி குங்குமம் எடுத்துப் பொட்டு வைத்தாள். வெளிப்பக்கம்.